உதுமான் கனியின் நாற்காலி

இல்லை தம்பி, நீங்களே உட்காருங்கள். எழுந்து இடம் கொடுத்தீர்களே, அந்த மனசே போதும். எனக்கு வேண்டாம். கண்டக்டரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஏறும்போதே எனக்கு ஓர் இடம் கிடைத்தது. அதில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டு இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தேனி ஆஸ்பத்திரி வரைக்கும் இப்படித்தான்.

என் முதுகைப் பார்த்துவிட்டுத்தானே எழுந்தீர்கள்? எல்லாரும் அப்படித்தான். கீழே எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி நிற்கிறேன், பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வந்துவிடும். இரக்கப்படாதீர்கள். இரக்கப்பட்டவர்கள் சேர்ந்துதான் என்னை இப்படி ஆக்கினார்கள். ஒருத்தன் மட்டும் இரக்கமே படாமல் ஆக்கினான். கடைசியில் அவனும் இரக்கப்பட்டான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சொல்கிறேன். கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வேன். முன் சீட்டில் தொப்பி போட்ட பெரியவர் ஒருத்தர் தூங்குகிறார். அவர் தூக்கம் கெடவேண்டாம்.

என் பேர் சிக்கந்தர். ஊர் கம்பம். நான் சொல்லப்போகிறவன் பேர் உதுமான் கனி. என் வீட்டுக்காரி பல்கீஸுக்குக் கூடப்பிறந்த அண்ணன். எனக்கு மச்சான் முறை. வாழைக்காய் மண்டி வைத்திருந்தான், இப்போது அவன் மகன் பார்க்கிறான். நேரில் மச்சான் என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். பின்னால் பேசும்போது அவன்தான். அதை மாற்றிக்கொள்ள முடியாது.

கல்யாணம் ஆன புதிதில் அந்த மண்டியில்தான் எனக்கு வேலை. கேரளாவுக்குப் போகிற லாரிக்கு விடிவதற்குள் வாழைத்தார் ஏற்றவேண்டும். அங்கேதான் வினை. காலையில் கண் விழிக்கும், உடம்பு விழிக்காது. ராத்திரி யாரோ வந்து முதுகில் சிமெண்டைக் கரைத்து ஊற்றிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒருக்களித்துப் படுக்க முடியாது, எழுந்து உட்கார முடியாது. பல்கீஸ் இரண்டு கையையும் பிடித்து இழுப்பாள். புதுப் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுக்கிறாள், நான் ஐயோ அம்மா என்று கத்துகிறேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்திருப்பார்கள் சொல்லுங்கள்.

சுவரைப் பிடித்து நடந்து, வெந்நீர் ஊற்றிக்கொண்டு, நான் மண்டிக்குப் போய்ச் சேரும்போது லாரி போயிருக்கும். ஆனால் தம்பி, வெயில் ஏறஏற எனக்கு உடம்பு இளகிவிடும். மத்தியானத்துக்கு மேல் தோளுக்கு ஒரு தாராகத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது எனக்கு வாங்காது. இப்படி ஒரு நோய் உண்டா? ஓய்வு எடுத்தால் வலிக்கும், வேலை செய்தால் வலி போகும். சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

ஒரு நாள் நான் போய் நிற்கிறேன். லோடுமேன்கள் எல்லாம் டீ குடித்துக்கொண்டு இருக்கிறார்கள். உதுமான் கனி என்னை மேலும் கீழும் பார்த்தான். "மாப்பிள்ளை, உங்க முதுகு சூரியனைப் பார்த்துத்தான் எழுந்திரிக்குமோ?" என்று கேட்டான்.

சிரித்தார்கள். டீ குடித்துக்கொண்டு இருந்தவனுக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். இனிமேல் மத்தியானத்துக்கு ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புவதாகச் சொன்னான். சொல்லி அனுப்பவே இல்லை. அதோடு விட்டானா? அந்த வார்த்தை பள்ளிவாசல் வரைக்கும் போயிற்று. காலைத் தொழுகைக்கு என்னால் வரமுடியாது, மத்தியானத் தொழுகைக்கு முதல் வரிசையில் நிற்பேன். ‘சிக்கந்தருக்குச் சூரியன் வந்துருச்சு’ என்று சின்னப் பையன்கள்கூடச் சொல்வார்கள்.

அந்த வார்த்தைக்கு ஒரு நாள் பதில் சொல்லாமல் மண்ணுக்குள் போகமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அவனுக்கும் ஏதாவது ஒன்று எழுந்திரிக்காமல் போகும், அன்றைக்கு இதே வார்த்தையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

பிறகு பரோட்டா மாஸ்டர் ஆனேன். எனக்கென்றே செய்த வேலை. சாயங்காலம்தான் ஆரம்பம். மாவை அடித்துப் பிசைந்து, வீசி விசிறி, கல்லுக்கு முன்னால் கடை அடைக்கிறவரைக்கும் நின்ற நிலையில் ஆடிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வருஷங்களில் என் முதுகு என்னைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. ஏன் என்று தெரியாது. பரோட்டா சாப்பிட்டால் முதுகுவலி போகும் என்று நானே வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன். வியாபாரமும் நன்றாகத்தான் போனது.

அதற்கப்புறம் மகன் திருப்பூரில் தலையெடுத்தான். அத்தா உழைத்தது போதும், வீட்டில் இருக்கட்டும் என்றான். மெத்தை வாங்கிப் போட்டான். எலும்பு வைத்தியர் ஒருத்தர் வந்து பார்த்து, அசையவே கூடாது என்று சொல்லி எண்ணெய் கொடுத்துவிட்டுப் போனார். பல்கீஸ் படுக்கைக்கே சோறு கொண்டுவந்தாள். எழுந்தால் அதட்டுவாள். பாசமாக இருக்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைப் படுக்கப் போட்டார்கள் தம்பி. படுத்த இடத்திலேயே முதுகு உறைந்தது. கழுத்து உறைந்தது. ஒரு நாள் எழுந்து நின்றபோது என் கண்ணுக்கு எதிரே என் கால் பெருவிரல்தான் தெரிந்தது. மேலே வானம் பார்க்கவேண்டும் என்றால் மல்லாந்து படுக்கவேண்டும். அதுவும் மூன்று தலையணை வைத்து.

தொழுகைக்கு மட்டும் போவதை விடவில்லை. எங்கள் தொழுகை உங்களுக்குத் தெரியுமா? நிற்கவேண்டும், குனியவேண்டும், பிறகு மண்டிபோட்டு நெற்றியைத் தரையில் வைக்கவேண்டும். நெற்றியை வைப்பதைச் சஜ்தா என்போம். குனிவது எனக்குச் சுலபம், பாதி குனிந்தேதான் இருக்கிறேன். தரைக்குப் போகத்தான் முடியாது. அதனால் வரிசையின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில் நின்றபடியே சைகையால் முடித்துக்கொள்வேன். யாருக்கும் தொந்தரவு இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போகிறேன், என் இடத்தில் ஒரு நாற்காலி. புதிது. இரும்புக் கால், மெத்தை வைத்தது. யாருடையது என்று விசாரிக்கிறேன், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. தொழுகை நடத்துகிற ஹஜ்ரத் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். தொழுகை தொடங்குகிற நேரம், விவாதம் செய்ய முடியாது. உட்கார்ந்து தொழுதேன். முடிந்ததும் எழுந்து திரும்புகிறேன், அந்த நாற்காலியின் முதுகில் சிவப்புப் பெயிண்டில் கொட்டை கொட்டையாக எழுதியிருக்கிறது. அன்பளிப்பு, உதுமான் கனி, வாழைக்காய் மண்டி.

யோசித்துப் பாருங்கள். நான் அதில் உட்கார்ந்தால் என் முதுகுக்குப் பின்னால் அவன் பேர். என் பின் வரிசையில் நிற்கிறவன் தொழுகை முழுக்க அதைத்தான் படிப்பான். என்னை முதுகால் அசிங்கப்படுத்தினவன், என் முதுகிலேயே பேர் எழுதிவிட்டான்.

அதோடு பக்கத்தில் வந்து என் தோளில் கையைப் போட்டான். "இனிமே சிரமப்படாம உட்கார்ந்தே தொழுங்க மாப்பிள்ளை" என்றான். என்ன கனிவு! என் கண் அவன் பாதத்தைத்தான் பார்த்தது, வேறு எதையும் பார்க்கிற உயரத்தில் நான் இல்லை.

மறுநாளிலிருந்து நான் வரிசையின் அந்தக் கடைசிக்குப் போய்விட்டேன். நாற்காலி இந்தக் கடைசியில் காலியாகவே கிடந்தது. அவன் தூணுக்குப் பக்கத்தில் அதை ஒட்டியே நிற்பான். இன்னொன்றையும் கவனித்தேன். சஜ்தாவிலிருந்து எழும்போது அந்தத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு எழுவான். எழுந்ததும் நாற்காலியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. நடிப்பு தம்பி. நாற்காலி கொடுத்த மகராசன் தான் சிரமப்பட்டுத் தரையில் தொழுகிறான் என்று ஜனங்கள் பேசவேண்டும் அல்லவா, அதற்காக.

ஹஜ்ரத் ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முடியாதவர்கள் உட்கார்ந்து தொழலாம், மார்க்கத்தில் அதற்கு அனுமதி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். நாற்காலி மாற்றித் தந்தால் உட்காருகிறேன் என்றேன். அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அல்லாஹ்வுக்குத் தொழறீங்களா, உதுமான் கனிக்குத் தொழறீங்களா?"

ஹஜ்ரத் வயதில் சின்னவர். வெளியூர். குடும்ப விஷயம் அவருக்கு என்ன தெரியும்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பல்கீஸிடம் சொன்னேன். வருகிற நோன்புப் பெருநாளைக்கு, பெருநாள் தொழுகை நடக்கிற ஈத்கா மைதானத்தில், ஊரே கூடியிருக்கிற இடத்தில், உன் அண்ணன் பக்கத்தில் நின்று, தரையில் நெற்றியை வைத்துத் தொழப்போகிறேன் என்றேன். அவள் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. அங்கிருந்தே ஒரு சொல் சொன்னாள். "மூணு தலகாணி இல்லாம படுக்க முடியல, மைதானத்துக்குப் போறாராம்."

முதுகை நிமிர்த்திக் கொடுங்கள் என்று கேட்கத்தான் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். என்னிடம் கேள்வி கேட்டார். காலையில் எழும்போதுதானே பிடிப்பு அதிகம்? நடமாடினால் குறையுமா? சும்மா இருந்தால் கூடுமா? சின்ன வயதிலேயே ஆரம்பித்ததா?

தம்பி, என் பெண்டாட்டி கேட்காத கேள்வி. என்னைப் பெற்றவள் கேட்காத கேள்வி. முன்பின் தெரியாத ஒரு ஆள் என் வாழ்க்கையை நேரில் பார்த்தவர் மாதிரி கேட்கிறார். இது முதுகெலும்பில் வருகிற ஒரு வகை வாதம், உள்ளே அழற்சி, எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மூங்கில் மாதிரி ஆகிவிடும், அதற்கு ஓய்வுதான் எதிரி என்றார். என்னை மாதிரி நிறையப் பேரைச் சோம்பேறி என்றுதான் வீட்டில் சொல்வார்கள் என்றும் சொன்னார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். சார், இதை எங்கள் ஊர் வாழைக்காய் மண்டிக்கு வந்து ஒருதரம் சத்தமாகச் சொல்லமுடியுமா, மைக் செட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கிறதற்குச் சொல்லவில்லை.

ஒட்டின எலும்பு ஒட்டினதுதான், அதைப் பிரிக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். மாத்திரை எழுதினார். மீதியைக் காப்பாற்றவேண்டும் என்றால் கீழே உடற்பயிற்சிப் பிரிவுக்குப் போங்கள், விடாமல் போங்கள் என்றார்.

அங்கே ஜெசிந்தா என்று ஒரு பிள்ளை. என் மகள் வயதுகூட இருக்காது. முதல் நாள் என்னைச் சுவரில் சாய்த்து நிற்கவைத்தது. குதிகால், இடுப்பு, தோள், தலை எல்லாம் சுவரில் படவேண்டுமாம். குதிகால் பட்டது. தலைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை சுருண்டு படுத்துத் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி. தலையைப் பின்னால் தள்ளுங்கள் பாய், தள்ளுங்கள் என்கிறது. தள்ளுகிறேன். சுவர்தான் பின்னால் போகிற மாதிரி இருக்கிறது.

பிறகு குப்புறப் படுக்கச் சொன்னது. குப்புறப் படுப்பதை ஒரு சிகிச்சை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. தொழுகைக்குக் கூப்பிடுகிற பாங்கு சொன்னதிலிருந்து தொழுகை தொடங்குகிற வரைக்கும் என்ன நேரமோ, அவ்வளவு நேரம் தினமும் கிடக்கவேண்டும். முதல் நாள் கிடந்தபோது என் எலும்பு ஒவ்வொன்றும் உதுமான் கனி பேரைச் சொல்லித் திட்டியது. அப்புறம் மூச்சு. விலாவில் கையை வைத்து, மூச்சை இழுத்து என் கையைத் தள்ளுங்கள் என்றது. என் நெஞ்சு இரும்புப் பெட்டி மாதிரி அசையாமல் இருக்கிறது. விறகடுப்பை ஊதி ஊதிப் பிழைத்த நெஞ்சு!

எதற்காக வருகிறீர்கள், என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டது. சஜ்தா என்றேன். அது என்ன, செய்து காட்டுங்கள் என்றது. அதுக்குத் தெரியாது, கிறிஸ்தவப் பிள்ளை. பாய் விரித்து, இரண்டு பேர் என்னைப் பிடித்துக்கொள்ள, என்னால் ஆனவரைக்கும் காட்டினேன். பாதியில் நின்றுவிட்டேன். அந்தப் பிள்ளை என் முதுகைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்து என் இடுப்பையே பார்த்துக்கொண்டு இருந்தது.

"முதுகை விட்டுடுங்க பாய், அது இனி வளையாது. இடுப்பு மூட்டு இன்னும் நம்ம பக்கம்தான் இருக்கு. அதை வச்சு இறங்கலாம்."

நம்ம பக்கம் என்று சொன்னது பாருங்கள். என் உடம்பில் ஒன்றாவது என் பக்கம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொன்னது. கீழே மட்டும் விழுந்துவிடக் கூடாது. மற்றவர்கள் முதுகு விழுந்தால் வளைந்து கொடுக்கும், என் முதுகு வளையாது, ஒடியும். ஒடிந்தால் அப்புறம் கை கால் எதற்கும் உத்தரவாதம் இல்லை. அதனால் இறங்குவதையும் எழுவதையும் கட்டிடம் கட்டுகிற மாதிரி சொல்லிக்கொடுத்தது. முதலில் ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி, பிறகு கைகள், பிறகுதான் தலை. எழும்போது ஒரு காலை முன்னால் ஊன்றி, அந்த முட்டியின் மேல் இரண்டு கையையும் அழுத்தி எழவேண்டும். முடியாத நாளில் நாற்காலியில் தொழுதால் ஒன்றும் தப்பில்லை, நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காதீர்கள், அவ்வளவுதான் என்றும் சொன்னது. பார்த்தீர்களா? நாற்காலி கூடாது என்று படித்த பிள்ளையே சொல்லிவிட்டது.

வீட்டில் எனக்குத் தோதான சுவர் ஒன்றே ஒன்றுதான். அதில் மண்டிக் காலண்டர் தொங்குகிறது, அவன் பேர் போட்டது. கழற்றி வைத்தேன். பல்கீஸ் மாட்டுவாள், நான் கழற்றுவேன். அண்ணன் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டதுக்கு இந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கே குடிபோயிட்டார் என்று தெருவில் சொல்லிக்கொண்டு இருந்தாள். ஆனால் ஒன்று. நோன்பு மாதம் வந்தபோது, நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு அவளே பாயை விரித்து வைப்பாள். குப்புறப் படுங்கள் என்று சொல்லமாட்டாள். பாயை மட்டும் விரித்துவிட்டுப் போய்விடுவாள். சுவரில் என் தலை படவேண்டிய இடத்துக்கு நேராகச் சாக்பீஸில் ஒரு கோடு போட்டு வைத்தாள். தலைக்கும் கோட்டுக்கும் நடுவில் இருந்த பூனை, பெருநாள் நெருங்கும்போது பூனைக்குட்டி ஆகியிருந்தது. அதற்குமேல் சிறுத்துப்போகவில்லை. போகாது என்று ஜெசிந்தா முதலிலேயே சொல்லிவிட்டது.

காலையில் படுக்கையிலேயே கையைக் காலை அசைத்து, புரண்டு, நீட்டி, அதற்கப்புறம்தான் எழுவது. எழுந்துவிடுவேன். யார் கையையும் பிடிக்காமல். வெளியே வந்து பார்த்தால் இருட்டாக இருக்கும். சூரியன் இன்னும் வந்திருக்காது தம்பி. அந்த இருட்டில் தனியாக நின்றுகொண்டு நான் சிரித்திருக்கிறேன்.

பெருநாள் வந்தது. ஈத்கா மைதானம். ஊரே வெள்ளை வெளேர் என்று உட்கார்ந்திருக்கிறது. நான் ஜமக்காளத்தின் மேல் என் இடத்தைப் பிடித்துவிட்டேன். ஒரு ஆட்டோ வந்து நிற்கிறது. இறங்குகிறான் உதுமான் கனி. ஆட்டோவுக்குப் பின்னால் கயிற்றால் கட்டி, அந்த நாற்காலி. மைதானத்துக்கே கொண்டுவந்துவிட்டான்! நாற்காலியை எனக்குப் பின்னால் போடச் சொல்லிவிட்டு, என் வலது பக்கத்தில் வந்து நின்றான். அத்தர் வாசனை. மெதுவாகச் சொன்னான்.

"வீம்பு வேணாம் மாப்பிள்ளை. பின்னாடியே இருக்கு, உட்காருங்க."

"நீங்க உங்க தொழுகையைப் பாருங்க மச்சான்" என்றேன்.

தொழுகை ஆரம்பித்தது. நின்றோம், குனிந்தோம். அடுத்தது சஜ்தா. மைதானம் முழுக்க ஒரே அலையாகக் கீழே இறங்குகிறது. நான் ஒரு முட்டி, இன்னொரு முட்டி, கைகள். எல்லாரும் இறங்கின பிறகுதான் நான் இறங்கினேன். ஆனால் இறங்கினேன். நெற்றி ஜமக்காளத்தில் பட்டது. ஜமக்காளத்துக்கு அடியில் ஒரு சின்னக் கல், நெற்றியில் குத்தியது. குத்தட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எத்தனையோ வருஷமாகத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு இருந்த தரை. நான் அழவில்லை. வியர்வை அது.

எழவேண்டும். ஒரு காலை முன்னால் ஊன்றினேன். முட்டியில் இரண்டு கையையும் அழுத்தினேன். பாதி எழுந்திருப்பேன். அப்போது என் வலது தோளில் ஒரு பாரம் விழுந்தது. ஒரு முழு ஆளின் பாரம். யாரோ என்னைக் கீழே அழுத்துகிறார்கள். விழக்கூடாது, விழுந்தால் ஒடியும். என் கழுத்து திரும்பாது, யார் என்று பார்க்க முடியாது. ஆனால் தோளைப் பிடித்த விரலில் இருந்த கல் மோதிரம் தெரிந்தது. அவன்தான்.

முதலில் எனக்குத் தோன்றியது, தள்ளப் பார்க்கிறான் என்றுதான். பிறகு அந்தக் கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துத் தொங்குவது தெரிந்தது. அவனால் எழமுடியவில்லை தம்பி. முட்டி பிடித்துக்கொண்டது. பிடிப்பதற்கு மைதானத்தில் தூண் இல்லை. என் முதுகுதான் இருந்தது.

நான் அப்படியே நின்றேன். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மூச்சை இழுத்து விலாவை விரித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி நின்றேன். என் முதுகுதான் வளையாதே! அவன் என் தோளைப் பிடித்து, பிறகு முதுகைப் பிடித்து, சுவரைப் பிடித்து ஏறுகிற மாதிரி ஏறி எழுந்தான். இரண்டு பேரும் நிமிர்ந்தோம். அவன் முழுக்க, நான் என்னால் ஆன மட்டும்.

இரண்டாவது தடவை இறங்கினதும் உட்கார்ந்தபடியே முடிப்பதுதான், அதனால் பிரச்சினை இல்லை. கடைசியில் வலது பக்கம் முகத்தைத் திருப்பி ஸலாம் சொல்லி முடிக்கவேண்டும். வலது பக்கம் அவன் இருக்கிறான். கழுத்து திரும்பாத ஆள் நான், இடுப்போடு திரும்பித்தான் சொல்லவேண்டும். நேரே அவன் முகம். சொன்னேன். ஆனால் ஒன்று, வலது பக்கத்தில் மலக்கும் இருப்பார், வானவர். நான் சொன்னது மலக்குக்கு.

எல்லாரும் எழுந்து கட்டித் தழுவிக்கொண்டு இருக்கிறார்கள். அவன் தரையிலேயே இருக்கிறான். எழவில்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை, தொப்பியைச் சரிசெய்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நான் போய் அந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் போட்டேன். தோளைக் கொடுத்தேன். பிடித்து ஏறி உட்கார்ந்தான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் அவன் பேர்.

"பேருக்கும் ஆளுக்கும் இப்பத்தான் பொருத்தமா இருக்கு மச்சான்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள்.

அவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னான். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் வாங்குனேன் மாப்பிள்ளை. கொடுத்தவனே முதல்ல உட்கார்ந்தா நல்லாவா இருக்கும்? நீங்க உட்காருவீங்க உட்காருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

எப்படிப்பட்ட தந்திரம் பார்த்தீர்களா? தனக்கு வேண்டிய நாற்காலியை என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறான். நல்ல வேளை, நான் உட்காரவில்லை.

அதற்கப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை என்று பல்கீஸ் வந்து சொன்னாள். வீட்டில் இன்னொரு நாற்காலி போட்டு அதிலேயே இருக்கிறாராம், சாப்பாடு அங்கேயே, மகனும் மருமகளும் அசையவிடுவதில்லையாம். கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. உட்கார்ந்தே இருந்தால் இன்னும் பிடித்துக்கொள்ளும் என்று உன் அண்ணனிடம் போய்ச் சொல் என்றேன். நீங்களே சொல்லுங்கள் என்றாள். நான் சொல்லமாட்டேன், காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கச் சொல் என்றேன். பின்னே? அவன் உட்கார்ந்தே போய்விட்டால், நான் நிற்பதை யார் பார்ப்பது?

மறுநாள் நான் முதலில் போய் நின்றேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, மகன் கையைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வருகிறான். என் வாழ்நாள் முழுக்கப் பத்திரமாக வைத்திருந்த வார்த்தை தம்பி. டீக்கடையில் ஆட்கள் வேறு நின்றார்கள், கேட்கட்டும் என்று சத்தமாகவே கேட்டேன்.

"மச்சான், உங்க முட்டி சூரியனைப் பார்த்துத்தான் எழுந்திரிக்குமோ?"

அவன் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். "நல்லா கேட்டீங்க மாப்பிள்ளை, இந்த மாதிரி ஒரு வார்த்தையை நான் கேள்விப்பட்டதே இல்ல. எங்கிருந்து பிடிச்சீங்க?" என்றான்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. நான் அந்த வார்த்தையோடு படுத்து, அந்த வார்த்தையோடு எழுந்து, அதனாலேயே தரை வரைக்கும் இறங்கியிருக்கிறேன். சொன்னவனுக்கு ஞாபகம் இல்லை! அன்றைக்கு முடிவு செய்தேன். இனி இந்த ஆளோடு பேச்சு கிடையாது. ஆனால் விடவும் மாட்டேன். ஞாபகம் வருகிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். முட்டிக்கு உடற்பயிற்சி ஹாலில் இந்த ஓரம், முதுகுக்கு அந்த ஓரம். என் ஓரத்திலிருந்தே பார்த்துக்கொள்வேன். ஒழுங்காகச் செய்வதில்லை. காலைப் பாதிதான் தூக்குகிறார், அந்தப் பிள்ளை திரும்பினதும் இறக்கிவிடுகிறார். அதை ஜெசிந்தாவிடம் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

கண்டக்டர் விசில் அடிக்கிறார். ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துவிட்டது. இறங்கவேண்டும்.

தம்பி, ஒரு உதவி. முன் சீட்டில் தொப்பி போட்ட பெரியவர் இருக்கிறார் அல்லவா, அவரைக் கொஞ்சம் தட்டி எழுப்புங்கள். நான் கூப்பிடமாட்டேன். மெதுவாகத் தட்டுங்கள். எழுந்த உடனே நடக்க வேண்டாம், முட்டி பிடித்துக்கொள்ளும், அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு வரச்சொல்லுங்கள். படியில் நான் முன்னால் இறங்கி நிற்கிறேன். என் தோள் எங்கே இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.